டிவியை கம்ப்யூட்டர் திரையாக வைத்தால் வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

எல்.சி.டி. டிவியில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் படம் வந்துவிடும். தொல்லை அதற்கு அப்புறம்தான் தொடங்கும். டாஸ்க்பார் பாதி தெரியாது, எழுத்து மங்கும், மவுஸ் பின்தங்கி வரும். டிவி என்றால் இவ்வளவுதான் என்று பலர் அப்படியே பழகிவிடுகிறார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருடக்கணக்காக வேலை பார்க்கிறார்கள். பழகத் தேவையே இல்லை. இவற்றில் பெரும்பாலானவை ரிமோட்டிலேயே சரியாகிவிடும். சில மட்டும் பேனலோடு, அதாவது படம் தெரியும் திரைத் தகட்டோடு, வந்த குறைகள். அவற்றுக்கு ஒரே மருந்து, வாங்கும்போதே பார்த்துத் தவிர்ப்பது. எது எந்த வகை என்பதையும் கீழே சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்.சி.டி. பேனலில் இருக்கும் புள்ளிகளின், அதாவது பிக்சல்களின், எண்ணிக்கை மாறாதது. கம்ப்யூட்டர் அனுப்பும் ஒவ்வொரு பிக்சலும் பேனலின் ஒரு பிக்சலில் அப்படியே போய் உட்கார வேண்டும். மானிட்டர் இதைத்தான் செய்கிறது. டிவியோ சினிமாவும் கிரிக்கெட்டும் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. வரும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும், விளிம்புகளைக் கூர்மையாக்கும், நிறம் ஏற்றும், இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருகும். படம் பார்க்க இது பிடிக்கலாம். எக்செல் தாளில் எண்களைப் படிக்கும்போது இவை எல்லாமே இடைஞ்சல். இங்கே சொல்லப்போகும் திருத்தங்களில் முக்கால்வாசி, டிவி தானாகச் செய்யும் இந்த வேலைகளை நிறுத்துவதுதான்.

படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது

டாஸ்க்பாரின் கீழ்ப்பாதி காணவில்லை, ஜன்னலை மூடும் பெருக்கல் குறி மூலைக்கு வெளியே போய்விட்டது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். பழைய படக்குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் ஒழுங்காக நிற்காது. அதை மறைக்கப் படத்தைச் சற்றே பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். எல்.சி.டி.க்கு அந்தத் தேவையே கிடையாது. ஆனாலும் பழக்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ரிமோட்டில் படத்தின் அளவு அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ மெனுவுக்குப் போங்கள். எல்.ஜி.யில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்', ஷார்ப்பில் 'டாட் பை டாட்', பிலிப்ஸில் 'அன்ஸ்கேல்டு' என்று இருக்கும். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. சில டிவிகளில் 'ஓவர்ஸ்கேன்' என்றே ஒரு வரி இருக்கும், அதை ஆஃப் செய்தால் போதும்.

கிராஃபிக்ஸ் கார்டின் மென்பொருளில் படத்தைச் சுருக்கும் ஸ்லைடர் ஒன்று உண்டு. பலரும் நேராக அதை இழுத்து ஓரத்தை உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் படத்தைச் சுருக்கும், டிவி அதைத் திரும்ப இழுத்துப் பெரிதாக்கும். ஓரம் தெரியும், ஆனால் எழுத்து இரண்டு முறை கசங்கியிருக்கும். ஏற்கெனவே யாராவது இழுத்து வைத்திருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு டிவி மெனுவில் சரிசெய்யுங்கள்.

எழுத்து மங்கலாக இருக்கிறது

அதிகம் பேர் தவிக்கும் கோளாறு இதுதான். காரணங்களும் பல. ஒன்றொன்றாக விலக்கிக்கொண்டே போக வேண்டும்.

முதலில் ரெசல்யூஷன், அதாவது படத்தின் பிக்சல் அளவு. விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்கில் 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பகுதியைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று டெஸ்க்டாப்பின் அளவு, மற்றது உண்மையில் கேபிளில் போகும் சிக்னலின் அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுவே பேனலின் பிக்சல் எண்ணிக்கையாகவும் இருக்க வேண்டும். எழுத்து சிறிதாக இருக்கிறதே என்று ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருந்தால் அதைப் பழையபடி ஏற்றிவிட்டு, 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 சதவீதமாக்குங்கள். எழுத்து பெரிதாகும், தெளிவும் போகாது.

இங்கே 32 அங்குல 'எச்.டி. ரெடி' டிவிகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர் வீடுகளில் இவை நிறையவே இருக்கின்றன. இவற்றின் பேனலில் இருப்பது 1366 × 768 பிக்சல், அதாவது சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். பெட்டியின் மேல் '1080பி சப்போர்ட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 1080பி சிக்னலை ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் அதற்குப் பொருள், அந்த அளவுக்குப் பேனலில் புள்ளிகள் இருக்கின்றன என்பதல்ல. 1920 × 1080 என்றால் இருபது லட்சத்துக்கும் மேல். அந்த இருபது லட்சத்தைப் பத்தரை லட்சத்துக்குள் அடைக்கும்போது மெல்லிய கோடுகள் பாதி தொலைந்துபோகின்றன. 1280 × 720 அனுப்பினாலோ படம் இழுபட்டு எழுத்து தடிக்கிறது. சரி, 1366 × 768 என்றே அனுப்பலாமே என்றால், பல டிவிகள் எச்.டி.எம்.ஐ. வழியாக அந்த அளவைக் கம்ப்யூட்டருக்கு அறிவிப்பதே இல்லை.

டிவியின் பின்புறம் வி.ஜி.ஏ. என்ற பழைய வகை மானிட்டர் துளை இருந்து, கம்ப்யூட்டரிலும் இருந்தால் அதில் இணைத்துப் பாருங்கள். 1360 × 768 கிடைக்கும். 1366 எட்டால் வகுபடாத எண் என்பதால், எட்டின் மடங்காக உள்ள 1360 வழக்கத்துக்கு வந்தது. இந்த முறையில் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்துவதால் எழுத்து வியக்கும்படி தெளிந்துவிடும். வி.ஜி.ஏ. இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டு மென்பொருளில் 'கஸ்டம் ரெசல்யூஷன்' உருவாக்கிப் பார்க்கலாம். சில டிவிகள் ஏற்கும், சில ஏற்பதுபோல் காட்டிவிட்டு உள்ளே மறுபடியும் இழுத்துக்கொள்ளும். இரண்டும் பலிக்கவில்லை என்றால் அந்த டிவி மேஜை மேல் வைத்துப் படிக்கும் வேலைக்கு ஆகாது. அதை ஹாலுக்கு அனுப்பிவிடலாம்.

ரெசல்யூஷன் சரியாக இருந்தும் எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு நிழல் தெரிகிறதா? அது 'ஷார்ப்னஸ்' செய்யும் வேலை. பெயரைப் பார்த்துவிட்டு, ஏற்றினால் தெளியும் என்று நினைப்போம். நடப்பது நேர் எதிர். டிவி விளிம்புகளைத் தேடித் தேடிக் கோடு போடுகிறது. பெரும்பாலான டிவிகளில் 0 வைத்தால்தான் டிவி எதையும் கூட்டாமல் காட்டும். சோனியின் புதிய டிவிகளில் மட்டும் 50 தான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் மங்கிவிடும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. கறுப்பு எழுத்து வெள்ளைப் பின்னணியில் நன்றாகவே இருக்கிறது, ஆனால் சிவப்பு எழுத்தோ நீலப் பின்னணியில் உள்ள எழுத்தோ மட்டும் பிசிறடிக்கிறது என்றால், நிறத் தகவல் குறைக்கப்பட்டு வருகிறது என்று பொருள். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அந்த அளவு பார்க்காது. அதனால் வீடியோவில் இடத்தை மிச்சப்படுத்த, ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்று குறைத்துவிடுவார்கள். இதுதான் 4:2:0. எதையும் குறைக்காமல் அனுப்புவது 4:4:4. சினிமாவில் வித்தியாசமே தெரியாது. ஒரு பிக்சல் தடிமனுள்ள எழுத்தில் பளிச்சென்று தெரியும்.

இதைச் சரிசெய்ய இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில், என்விடியா என்றால் வெளியீட்டு நிற வடிவத்தை 'ஆர்.ஜி.பி.' என்றும், ஏ.எம்.டி. என்றால் பிக்சல் ஃபார்மேட்டை 'ஆர்.ஜி.பி. 4:4:4' என்றும் மாற்றுங்கள். டிவியில், கம்ப்யூட்டர் செருகியிருக்கும் எச்.டி.எம்.ஐ. துளைக்குப் பெயர் சூட்டும் வசதியைத் தேடி 'பி.சி.' என்று மாற்றுங்கள். எல்.ஜி.யிலும் சாம்சங்கிலும் இது வெறும் பெயர் மாற்றமல்ல. அந்தப் பெயரைக் கண்டதும்தான் டிவி தன் பட வேலைகளைக் கைவிட்டு 4:4:4 முறைக்குப் போகும். சோனியில் படத்தின் முறையை 'கிராஃபிக்ஸ்' அல்லது 'கேம்' என்று வையுங்கள். 4கே டிவி (3840 × 2160 பிக்சல்) என்றால் அந்தத் துளைக்கு 'யு.எச்.டி. கலர்', 'டீப் கலர்', 'என்ஹான்ஸ்டு ஃபார்மேட்' என ஏதோ ஒரு பெயரில் இருக்கும் வசதியையும் ஆன் செய்ய வேண்டும்.

இவ்வளவு செய்தும் சிவப்பு எழுத்து தெளியவில்லை என்றால் அந்த டிவியின் உள் சர்க்யூட் 4:4:4 காட்டாத வகை. அதற்கு மேல் செட்டிங்கில் செய்ய ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று: எழுத்தின் இடது வலது ஓரத்தில் மெல்லிய வண்ணக் கோடு தெரிந்தால், பேனலின் துணைப் பிக்சல்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசைக்குப் பதில் நீலம், பச்சை, சிவப்பு என்று அமைந்திருக்கலாம். டிவிகளில் இது அபூர்வமல்ல. விண்டோஸில் எழுத்தின் தெளிவைச் சரிசெய்யும் கிளியர்டைப் டியூனரைத் திறந்து, காட்டப்படும் மாதிரிகளில் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வரிசை தானே சரியாகிவிடும். சில மலிவான 4கே பேனல்களில் வெள்ளை என்று நான்காவதாக ஒரு துணைப் பிக்சலைச் சேர்த்திருப்பார்கள். அவற்றில் எழுத்து எப்போதும் கரடுமுரடாகத்தான் இருக்கும், கிளியர்டைப்பும் உதவாது.

மவுஸ் பின்தங்குகிறது

இரண்டு வேறு கோளாறுகளை மக்கள் ஒரே பெயரில் சொல்வதால் முதலில் பிரித்துக்கொள்வோம்.

அம்பு விட்டு விட்டுத் தாவுகிறது என்றால் சிக்னல் 30 ஹெர்ட்ஸில் போகிறது. 4கே டிவியில்தான் இது வரும். எச்.டி.எம்.ஐ. 1.4 துளை உள்ள பழைய லேப்டாப்களால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்ப முடியும். 60 ஹெர்ட்ஸில் முழு நிறத்தோடு வேண்டுமென்றால் லேப்டாப், கேபிள், டிவியின் துளை மூன்றும் எச்.டி.எம்.ஐ. 2.0 வேகத்தை, அதாவது நொடிக்கு 18 ஜிகாபிட்டைத் தாங்க வேண்டும். டிவியில் எல்லாத் துளையும் அப்படி இருக்காது. '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்ட துளை எது என்று பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். லேப்டாப்பில் படம் அனுப்பும் வசதியுள்ள டைப்-சி துளை இருந்தால், அதிலிருந்து 4கே 60 ஹெர்ட்ஸ் தரும் அடாப்டர் போட்டு இந்தச் சிக்கலைத் தாண்டலாம். எல்லா டைப்-சி துளையும் படம் அனுப்பாது, லேப்டாப்பின் விவரக் குறிப்பில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அம்பு வழுக்கிக்கொண்டுதான் போகிறது, ஆனால் கைக்குப் பின்னால் வருகிறது என்றால் அது டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம். சாதாரண முறையில் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகலாம். 'கேம்' முறை அல்லது மேலே சொன்ன 'பி.சி.' முறையில் இது வெகுவாகக் குறையும். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் ஃபிரேம் செருகும் வசதியை ஆஃப் செய்யுங்கள். 'நாய்ஸ் ரிடக்ஷன்' உள்ள வரிகளையும் அப்படியே.

கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, அல்லது இருட்டில் எதுவுமே தெரியவில்லை

வீடியோ உலகில் கறுப்பு என்பது 16, வெள்ளை என்பது 235. கம்ப்யூட்டரில் கறுப்பு 0, வெள்ளை 255. கம்ப்யூட்டர் 16–235 அனுப்ப, டிவி 0–255 என்று எடுத்துக்கொண்டால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். மாறிப்போனால் இருண்ட பகுதிகளெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். எதிர்ப்புறம் டிவி என்று தெரிந்ததும் கிராஃபிக்ஸ் கார்டு தானாகவே வீடியோ அளவுக்கு மாறிக்கொள்வது உண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம். கம்ப்யூட்டரில் டைனமிக் ரேஞ்சை 'ஃபுல்' ஆக்குங்கள். டிவியில் 'பிளாக் லெவல்' அல்லது 'ஆர்.ஜி.பி. ரேஞ்ச்' என்பதை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் ஸ்லைடர்களை ஏற்றி இறக்கி இதைச் சமாளிக்க முயன்றால் நாள் முழுக்கப் போராடினாலும் சரியாகாது.

வெளிச்சம் தானாக ஏறி இறங்குகிறது

வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் ஒரு வெளிச்சம், கறுப்புப் பின்னணிக்கு மாறினால் இன்னொன்று. டைனமிக் கான்ட்ராஸ்ட், எனர்ஜி சேவிங், அறை வெளிச்சத்தைப் பார்க்கும் சென்சார், லோக்கல் டிம்மிங் ஆகிய நான்கையும் ஆஃப் செய்யுங்கள். இவை மெனுவில் வெவ்வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். ஒன்றை நிறுத்தியும் குணமாகவில்லை என்றால் மற்றவற்றைத் தேடுங்கள்.

சிக்னல் இல்லை, அல்லது அடிக்கடி திரை கறுப்பாகித் திரும்புகிறது

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில், கேபிளை மதர்போர்டின் துளையில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கார்டில்தான் செருக வேண்டும். டிவியை முதலில் போட்டு, சரியான சோர்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரைப் போடுங்கள். அப்போதும் இருட்டாக இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

சில நொடிகளுக்கு ஒருமுறை கறுப்பாகித் திரும்பினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். ரெசல்யூஷனை 1080பி ஆக்கியதும் நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம். உறைமேல் '2.0 கேபிள்' என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். கேபிள்களுக்குப் பதிப்பு எண் கிடையாது, வேகத்தின் வகைதான் உண்டு. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்று, ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய முத்திரையோடு இருப்பதை வாங்குங்கள். நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் கேபிள்கள் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். சாதாரண மலிவு வகை 4கே 60 ஹெர்ட்ஸ் தராது, 'ஆக்டிவ்' என்று குறித்தது வேண்டும்.

சத்தம் வரவில்லை

விண்டோஸில் ஸ்பீக்கர் குறியை அழுத்தி, வெளியீட்டுச் சாதனமாக டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பழைய கம்ப்யூட்டரின் டி.வி.ஐ. துளையிலிருந்து மாற்றி எடுத்திருந்தால் சத்தம் பொதுவாக அந்த வழியில் வராது, தனியாக ஆடியோ கேபிள் போட வேண்டும். பல பழைய டிவிகளில் 'எச்.டி.எம்.ஐ./டி.வி.ஐ.' என்று எழுதிய துளைக்கென்றே பக்கத்தில் ஒரு ஆடியோ துளை இருக்கும்.

கம்ப்யூட்டர் விழித்தாலும் டிவி விழிப்பதில்லை

இது கோளாறு அல்ல, டிவியின் இயல்பு. மானிட்டர் சிக்னல் வந்ததும் எழும். டிவி 'சிக்னல் இல்லை' என்று காட்டிவிட்டுச் சிறிது நேரத்தில் அணைந்துபோகும், எழுப்ப ரிமோட் வேண்டும். டிவிகளை எழுப்பும் சி.இ.சி. கட்டளையைக் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டுகள் பொதுவாக அனுப்புவதில்லை. டிவியை அணைத்துப் போடும்போது ஜன்னல்கள் இடம் மாறிப்போவதை மட்டும் விண்டோஸ் 11-ல் தடுக்கலாம். டிஸ்பிளே செட்டிங்கில், ஜன்னல்களின் இடத்தை மானிட்டர் இணைப்பைப் பொறுத்து நினைவில் வைக்கச் சொல்லும் பெட்டியில் டிக் போடுங்கள்.

கண் சோர்கிறது

டிவிகள் பகல் நேர ஹாலுக்கு ஏற்ற வெளிச்சத்தில் வருகின்றன. இரண்டடி தூரத்தில் உட்கார அது மிக அதிகம். 'பிரைட்னஸ்' என்ற வரியைக் குறைக்காதீர்கள், பல டிவிகளில் அது கறுப்பின் அளவைத்தான் மாற்றும். 'பேக்லைட்' வரியைக் குறையுங்கள். 'விவிட்' முறையிலிருந்து வெளியே வாருங்கள்.

பேக்லைட்டைக் குறைத்த பிறகுதான் சோர்வு கூடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் காரணம் உண்டு. பல டிவிகள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. கைபேசி கேமராவில் ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக வைத்து வெள்ளைத் திரையைப் பார்த்தால், பட்டை பட்டையாகத் தெரிவதிலிருந்து கண்டுபிடிக்கலாம். அப்படிப்பட்ட டிவி என்றால் பேக்லைட்டைச் சற்று ஏற்றிவைத்து, அறையின் விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மூலைகளில் நிறம் வெளுக்கிறது

வி.ஏ. வகைப் பேனலின் குணம் இது. நேராகப் பார்த்தால் கறுப்பு அருமையாக இருக்கும், சாய்ந்து பார்த்தால் வெளுக்கும். 43 அங்குல டிவியின் அகலம் 95 சென்டிமீட்டர். முக்கால் மீட்டர் தூரத்தில் நடுவில் உட்கார்ந்தால் இரு ஓரங்களையும் 30 டிகிரிக்கு மேல் சாய்வாகத்தான் பார்க்கிறோம். செட்டிங்கில் தீர்வு இல்லை. டிவியைச் சுவரில் மாட்டி மேஜையைச் சற்று விலக்குவது ஒன்றே வழி. ஐ.பி.எஸ். என்ற இன்னொரு வகைப் பேனலில் இந்தத் தொல்லை குறைவு, கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலாக இருக்கும். எழுதுவதும் படிப்பதும்தான் வேலை என்றால் நான் ஐ.பி.எஸ். பக்கம்தான் நிற்பேன். ஒரே மாடலில் அளவு மாறினால் பேனல் வகையும் மாறலாம், அதனால் 50 அங்குலத்தின் விமர்சனத்தைப் படித்துவிட்டு 43 வாங்காதீர்கள்.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால்

ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கணக்குப் போட்டாலே பாதி முடிவு கிடைத்துவிடும். 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரில் சுமார் 92. 43 அங்குல 4கே டிவியில் சுமார் 102, அதனால் மேஜையில் மானிட்டர்போலவே வைக்கலாம். 32 அங்குல ஃபுல் எச்.டி.யில் 69, நான்கடி தள்ளி உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். 32 அங்குல எச்.டி. ரெடியில் வெறும் 49. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கம்ப்யூட்டர் வேலைக்கு அதை வாங்க வேண்டாம்.

கடைக்கு உங்கள் லேப்டாப்பையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஓடவிடும் டெமோ வீடியோவில் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். நீல நிறம் அடித்த எக்செல் கட்டங்களில் சிவப்பு எழுத்தில் எண்களை நிரப்பிய ஒரு தாளும், ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் கறுப்பும் வெள்ளையுமாக நிரப்பிய ஒரு படமும் தயாராக இருக்கட்டும். படத்தை ஜன்னலுக்குள் சுருக்காமல், விண்டோஸ் ஸ்கேலை 100 சதவீதமாக வைத்து முழு அளவில் காட்டுங்கள். பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தினால் திரை ஒரே சீரான சாம்பலாகத் தெரியும். அலை அலையாகவோ பட்டையாகவோ தெரிந்தால் டிவி படத்தை இழுக்கிறது. மெனுவில் அதை நிறுத்த முடிகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். முடியவில்லை என்றால் அடுத்த டிவிக்குப் போங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் இதே சோதனையை, சுவரில் துளை போடும் முன், டிவி வந்த அன்றே செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் காலம் முடியும்வரை அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் வீட்டிலேயே இருக்கட்டும்.